கண்ணும் கண்ணாடித் தட்டும்



2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலை, இலங்கையின் வடபுலத்தில் சூரியன் ஒரு கங்கணமாயிற்று. சந்திரன் சூரியவட்டத்தின் நடுவே வந்து நின்றமையால், விளிம்பு மட்டும் பொன்வளையம்போல் எஞ்சி ஒளிர்ந்தது. அக்காட்சி புசல்லாவைக்குக் கிட்டவில்லை. எங்கள் மலையில் சூரியன் பெருமளவு மறைந்து, பிறைவடிவாக நின்று, பின்னர் மீண்டது. அது பாடசாலை விடுமுறைக்காலம். எனினும் அயற்றோட்டங்களிலிருந்து மாணவர் சிலர் மைதானத்துக்கு வந்திருந்தனர். அட்டைப்பெட்டியில் ஊசித்துளையிட்டு, உள்ளே வெண்தாளில் விழுந்த பிறையுருவத்தைக் கண்டோம். மரத்தடியில் இலைகளின் இடைவெளிகளூடாக விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் அன்று பிறைகளாயிருந்தமையே பிள்ளைகளைப் பெரிதும் வியப்பித்தது.

அவ்வேளையில் ஒரு மாணவனின் கைபேசிக்கு, யாழ்ப்பாணத்திலிருந்த அவனுடைய மாமா பொன்வளையத்தின் படமொன்றை அனுப்பியிருந்தார். எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தனர். அவர்களுள் ஒருத்தி மட்டும் ஒதுங்கி நின்று, "சேர், இது எடுத்த படமா, கீறிய படமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைய கைபேசிகளுட் சில, தம்முன் தோன்றுவது நிலவு என்று அறிந்தவுடன், தாம் முன்னரே பயின்றுவைத்த நிலவுப் படங்களின் துணைகொண்டு மலைகளையும் குழிகளையும் தெளிவாக்கித் தருகின்றன. அப்படிக் கிடைக்கும் படம் அழகாயிருக்கும். ஆனால் அது கண்ட சாட்சியா, கேட்டதைச் சொல்லும் சாட்சியா?

அச்சிறுமிக்கு அன்று நான் ஒரு கதையைப் பதிலாகச் சொன்னேன். அதனையே இன்று விரித்துக் கூற விழைகின்றேன். அக்கதை நிகழ்ந்ததும் ஒரு டிசெம்பர் மாதத்துக் காலையே. சந்திரனின் நிழல் ஊர்ந்ததும் ஏறக்குறைய அதே வழியிலேயே. மேற்குக் கரையில் காசர்கோட்டுப் பக்கம் ஏறி, நீலகிரியையும் கோயம்புத்தூரையும் புதுக்கோட்டையையும் கடந்து, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்ட வழி அது. ஆண்டு 1871, திகதி டிசெம்பர் 12. அன்றைய கிரகணம் கங்கணக் கிரகணமன்று, பூரண கிரகணம்.

கதைக்குள் புகுமுன், வானைப் படம்பிடிக்கும் கலை அதுவரை எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1840ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே ஜோன் வில்லியம் டிரேப்பர் என்ற இரசாயனப் பேராசிரியர் வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் நிலவின் உருவத்தைப் பதித்தார். 1850இல் ஹாவர்ட் வானாய்வகத்தில் அபிஜித் என்னும் விண்மீன் தகட்டில் ஒரு புள்ளியாய் வீழ்ந்தது. சூரியனுக்கு அடுத்தபடியாக மனிதன் படம்பிடித்த முதல் விண்மீன் அதுவே. ஆயின், இவையெல்லாம் கண்ணால் முன்னரே கண்டவற்றைத் தகட்டிலும் கண்ட மகிழ்ச்சி மாத்திரமே. தகடு புதியதொரு வழக்கைத் தீர்த்துவைத்தது 1860ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஸ்பெயின் நாட்டுக் கிரகணத்தின்போதாகும். கிரகண வேளையில் சந்திரனின் விளிம்பையொட்டிச் செந்நிறச் சுவாலைகள் தோன்றுவதைப் பலர் கண்டிருந்தனர். அவை சந்திரனுக்குரியவையா, சூரியனுக்குரியவையா? வாரன் டி லா றூ என்பவர் ஓரிடத்திலும், செக்கி என்ற பாதிரியார் தொலைவிலுள்ள மற்றோரிடத்திலும் படமெடுத்தனர். படங்கள் ஒத்திருந்தன, சுவாலைகள் சூரியனுக்குரியவை என்பது உறுதியாயிற்று. டி லா றூ, தொழிலால் ஒரு காகித வணிகர். வானியல் அவருக்கு ஓய்வுநேர விருப்பம். இக்கதையில் வருவோருட் பலர் இப்படிப்பட்டவர்களே என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

சுவாலைகளின் வழக்குத் தீர்ந்தபின்னும் ஒளிமுடியின் வழக்குத் தீரவில்லை. பூரண கிரகணத்தில் சூரியன் முற்றாக மறைந்த கணத்தில், கரிய வட்டத்தைச் சுற்றி வெண்முத்தின் நிறத்தில் ஓர் ஒளி விரியும். அதனை ஒளிமுடி என்போம். சிலர் அது சூரியனின் பகுதி என்றனர். சிலர் சந்திரனைச் சார்ந்தது என்றனர். வேறு சிலர், நம் பூமியின் காற்றுமண்டலத்தில் சூரியகிரணங்கள் சிதறுவதால் உண்டாகும் மாயத்தோற்றமே என்றனர். கீறிய சித்திரங்களை வைத்து இதைத் தீர்க்க இயலவில்லை. ஏனெனில் அருகருகே நின்று கீறிய இருவரின் சித்திரங்களே ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. ஒருவர் நட்சத்திர வடிவம் கீறினார். மற்றவர் வட்டம் கீறினார். இருவரும் நேர்மையானவர்களே. இரண்டே நிமிடம் நிலைக்கும் காட்சியைக் கண்டு, நெஞ்சு பதற, இருளில் கை நடுங்கக் கீறினால் வேறென்ன ஆகும்? 1870ஆம் ஆண்டுக் கிரகணத்தில் எடுத்த படங்கள் ஒளிமுடி சூரியனுடையதே என்ற பக்கம் சாய்ந்தன. எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை.

ஆகவேதான் 1871இல் நம் பக்கத்துக்கு அத்தனை பேர் வந்தனர். நோர்மன் லொக்கியர் தலைமையில் ஆங்கிலக் குழுவொன்று கப்பலிற் காலித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பல இடங்களுக்குப் பிரிந்து சென்றது. லொக்கியர் மேற்குக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையில் நிலைகொண்டார். பிரான்சிலிருந்து வந்த ஜான்சென் நீலகிரியில் சோலூருக்குச் சென்றார். இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையைத் தேர்ந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் அவிநாசியில் கூடாரமடித்தார். பின்னாளில் சலஞ்சர் கப்பலிற் சென்று ஆழ்கடலை ஆராய்ந்த மோஸ்லி திருகோணமலையில் நின்றார். நம் கதைக்கு இன்றியமையாத இடங்கள் மூன்று. பேக்கலில், லிண்ட்சே பிரபுவின் உதவியாளரான டேவிஸ் கமராவுடன் நின்றார். வானியலிற் பெருவிருப்புக் கொண்ட அப்பிரபு, தாம் வராவிடினும் தம் கருவியையும் ஆளையும் தம் செலவில் அனுப்பியிருந்தார். நீலகிரியின் தலைக்கொடுமுடியாகிய தொட்டபெட்டாவில், 2,600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், கேணல் டெனன்ட் நின்றார். யாழ்ப்பாணத்தில், இலங்கையின் நில அளவைத் தலைவர் கப்டன் பையர்ஸ் இருந்த குழுவில், கப்டன் ஹொக் என்பவர் படமெடுக்கும் பணியை ஏற்றிருந்தார்.

அந்நாளில் ஒரு படம் எடுப்பது எத்தகைய பாடு என்பதை, கைபேசியைத் தொட்டவுடன் படம் பெறும் இளைஞர்கள் அறியார். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்த வெடிபஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தால், கொலோடியன் என்னும் பாகு கிடைக்கும். அதனைத் துடைத்த கண்ணாடித் தட்டின்மேல் சீராக ஊற்றி, இருட்டுக் கூடாரத்துள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி எடுக்கவேண்டும். தட்டு ஈரமாயிருக்கும்போதே கமராவிற் செருகிப் படமெடுத்து, ஈரமாயிருக்கும்போதே கூடாரத்துக்குள் ஓடி உருத்துலக்கவேண்டும். காய்ந்தால் தட்டுப் பாழ். குளிர்நாட்டுக்கென அமைந்த இம்முறையை யாழ்ப்பாணத்து வெப்பத்தில் கையாள்வதை எண்ணிப் பாருங்கள். ஈதர் கணத்தில் ஆவியாகும், தூசி பறந்து ஒட்டும், வியர்வைத் துளியொன்று வீழ்ந்தாலும் கறையாகும். சூரியன் முற்றாக மறைந்திருக்கும் நேரமோ இரண்டு நிமிடமளவே. அதற்குள் ஐந்தாறு தட்டுகளை மாற்றுவதே பெருந்திறமை. பிழைத்தால் மறுமுறை கேட்க வழியில்லை.

பிழைக்கவில்லை. மூன்றிடத்தும் வானம் தெளிந்திருந்தது. மூன்றிடத்தும் தட்டுகளில் உரு வீழ்ந்தது. பின்னர் அவற்றை ஒருங்கே வைத்து ஒப்புநோக்கியபோது, ஒளிமுடியின் கதிர்களும் அவற்றுக்கிடையிலுள்ள இருண்ட பிளவுகளும் மூன்றிலும் ஒரே வடிவில், ஒரே இடத்தில் இருந்தன. பேக்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஒன்று கடலோரம், ஒன்று மலையுச்சி, ஒன்று தீவின் சமநிலம். நிழல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வரச் சில நிமிடங்கள் சென்றிருந்தன. காற்றுமண்டலத்தின் மாயமாயின், மூன்று காற்றிலும் ஒரே மாயம் எப்படித் தோன்றும்? அன்றியும், ஓரிடத்தில் அடுத்தடுத்து எடுத்த தட்டுகளிலே சந்திரன் மெல்ல நகர்ந்து ஒருபுறம் ஒளிமுடியை மறைத்து மறுபுறம் வெளிப்படுத்தியது, ஒளிமுடியோ அசையவில்லை. ஆகவே அது சந்திரனுக்கும் உரியதன்று. ஒளிமுடி சூரியனுடையது என்பது தீர்ந்தது.

அன்று அதே காலையில் புசல்லாவை மலைச்சரிவுகளில் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அந்நாளில் இங்கே பெரும்பயிர் தேயிலையன்று, கோப்பி. மார்கழி கோப்பிப்பழம் பறிக்கும் காலம். மன்னாரிற் கரையேறிக் காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோர் அன்றும் கூடையுடன் நிரையில் நின்றிருப்பர். மேகமில்லாதிருந்தால், வெயில் திடீரென வெளிறியதைக் கண்டு அண்ணாந்திருப்பர். வெறுங்கண்ணாற் பார்க்கத்தகாத காட்சியை எப்படிப் பார்த்தனரோ. மஞ்சள் கரைத்த நீரில் நிழல் பார்க்கும் வழக்கத்தை என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர்களிடம் தட்டுமில்லை, எழுதிவைக்கும் வழியுமில்லை. யாழ்ப்பாணத்துத் தட்டுகளைப் பற்றிப் பேசும்போது இந்த நினைவும் கூடவே வருவது இயல்பு.

இதிலே ஒரு வியப்பு உண்டு. கப்டன் ஹொக் ஈரத்தட்டுடன் ஓடிக்கொண்டிருந்த அக்காலத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன், 1871 செப்டெம்பரில், இங்கிலாந்தில் ரிச்சர்ட் மடொக்ஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். கொலோடியனுக்குப் பதிலாகச் செலற்றினைப் பூசினால் தட்டை உலர்ந்த நிலையிலேயே வைத்திருந்து படமெடுக்கலாம் என்பது அதன் சாரம். வெடிபஞ்சுப் பாகின் ஈதர் நாற்றம் தம் உடம்புக்கு ஒவ்வாமையாலேயே அவர் மாற்றுவழி தேடினார் என்பர். பிறர் அம்முறையைத் திருத்திச் செம்மையாக்கச் சில ஆண்டுகள் சென்றன. அதன்பின்னரே வானியலின் முகம் மாறிற்று. ஈரத்தட்டு சில நிமிடத்திற் காய்ந்துவிடும். உலர்தட்டோ மணிக்கணக்காக ஒளியைப் பருகிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அத்திறமை இல்லை. மங்கலான ஒன்றை நாம் ஒரு மணிநேரம் உற்றுநோக்கினாலும் முதற்கணத்திற் கண்டதற்கு மிகுதியாகக் காண்பதரிது.

திருவாதிரையை அடுத்து, வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே ஒரு மங்கலான புகைப்பொட்டு உண்டு. தை, மாசி இரவுகளில் எவரும் காணலாம். அதுவே ஓரியன் ஒளிமுகில். அதனை 1880இல் முதன்முதற் படம்பிடித்தவர் முற்கூறிய டிரேப்பரின் மகன், ஹென்றி டிரேப்பர் என்னும் மருத்துவர். 1883இல் இலண்டனை அடுத்த ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடித் தொலைநோக்கியை நிறுவியிருந்த கொமன் என்பவர் அதனையே அரைமணிக்கு மேல் தட்டில் வீழ்த்தினார். அவர் சுகாதாரப் பொறியியல் தொழிலில் இருந்தவர். அத்தட்டிலே, அந்தத் தொலைநோக்கியூடாகப் பார்த்தாலும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் பதிந்திருந்தன. கண் காணாததைக் கமரா கண்டது. ஐந்தாண்டின்பின், 1888 டிசெம்பரில், ஐசக் ரொபேட்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் லிவர்பூலை அடுத்த தம் வானாய்வகத்தில், உத்திரட்டாதிக்கு அயலிலுள்ள அந்திரோமீடா முகிலை ஏறத்தாழ நான்கு மணிநேரம் படம்பிடித்தார். பஞ்சுப்பொதிபோற் தோன்றிய பொருள் சுருள்சுருளான வளையங்களாய் வெளிப்பட்டது. ரொபேட்ஸ், புதியதொரு சூரியகுடும்பம் பிறப்பதைத் தாம் கண்டதாக எண்ணினார். அஃது ஒரு தனி அண்டம், இரண்டரை மில்லியன் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. 1923இல் ஹபிள் எடுத்த தட்டொன்று அவ்வுண்மைக்கு வழி திறந்தது. ரொபேட்ஸின் தட்டில் பிழையில்லை. அதை வாசித்ததில்தான் பிழை.

இவ்வளவும் நடந்தபின் இலங்கையின் மிகச் சிறந்த வானநோக்கர் ஒருவர் தட்டைத் தொடாமல் பென்சிலையே பிடித்திருந்தார் என்றால் நேயர்கள் வியப்பீர்கள். அவர் பேர்சி மோல்ஸ்வேர்த். 1867இல் கொழும்பிற் பிறந்தவர், படைப்பொறியியற் பிரிவு அதிகாரி. திருகோணமலையில் 12½ அங்குல ஆடித் தொலைநோக்கியை நிறுவி, இரவிரவாக வியாழக்கிரகத்தைக் கீறினார். நம் அகலாங்கில் கிரகங்கள் தலைக்குமேல் உயர்ந்து செல்வதால், இங்கிலாந்தில் உள்ளோருக்குக் கிட்டாத தெளிவு அவருக்குக் கிட்டிற்று. 1901இல் வியாழனின் தென்பகுதியில் தோன்றிய பெருங்குழப்பத்தை அவரே முதலிற் கண்டார். 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு குழிக்கு இன்று அவர் பெயர்.

அவர் ஏன் படமெடுக்கவில்லை? பழமைப் பிடிவாதமன்று. காற்று எப்போதும் நடுங்குகின்றது. அந்நடுக்கத்தில் கிரகத்தின் உருவம், ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் நாணயம்போல் அலையும். தட்டு அவ்வலைவையெல்லாம் சேர்த்துப் பூசிவிடும். கண்ணோ, காற்று அமைதியாகும் அந்த ஒரு கணத்தைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடும். முகிலுக்குத் தட்டு, கிரகத்துக்குக் கண் என்ற இந்தப் பாகப்பிரிவினை நெடுங்காலம் நிலைத்தது. இன்றைய ஆர்வலர்கள் கிரகத்தைச் சலனப்படமாக எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டங்களிலிருந்து கூர்மையான சிலவற்றை மட்டும் கணினியால் தெரிந்தெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். மோல்ஸ்வேர்த்தின் கண் செய்த வேலையும் அதுவே.

1910இல் ஹாலியின் வால்வெள்ளி வந்தபோது கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் அதனைப் படம்பிடித்தார். அவரும் இந்தியாவுக்கு வருமுன் ஓய்வுநேரத்தில் சூரியனை ஆராய்ந்தவரே. அதே வால்வெள்ளியின் வழியை வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிப் பேராசிரியர் அலன் ஏபிரகாம் கணித்துக் காட்டிப் புகழ்பெற்றார். 1955 யூன் 20ஆந் திகதி இலங்கையிற் பூரண கிரகணம் நிகழ்ந்தபோது, பல நாட்டுக் குழுக்கள் பெருங்கருவிகளுடன் வந்து, பெரும்பாலானவை மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பின. தென்மேற்குப் பருவக்காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரகணம் நாள் பார்த்து வருவதில்லை.

புசல்லாவையிலும் எங்களுக்கு அதே மூடுபனிதான். தை தொடங்கிப் பங்குனி வரை சில நல்ல இரவுகள் கிட்டும். மாணவர் சிலருடன் ஒரு பழைய கமராவைக் கொண்டு முயன்றுவருகின்றோம். பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. ஆகவே முக்காலியில் நிறுத்திய சாதாரண வில்லையில் பத்துச் செக்கனுக்குமேற் திறந்தால் புள்ளி கோடாகிவிடும். வானுடன் கூடச் சுழலும் தாங்கிக்கு அச்சினைத் துருவ விண்மீனை நோக்கி வைக்கவேண்டும். அவ்விண்மீன் இங்கே அடிவானிலிருந்து 7 பாகை உயரமே. அதை எங்கள் வடக்கு மலை மறைத்துவிடுகின்றது! ஆனால், வடநாட்டார் கனவிலும் காணாத தென்சிலுவையும் அதனை அடுத்த காரினா ஒளிமுகிலும் எங்கள் தேயிலைமேட்டுக்கு மேலாக எழுகின்றன. தாங்கி இல்லாக்குறைக்கு, பத்துச் செக்கன் படங்கள் அறுபதை எடுத்துக் கணினியில் விண்மீனுக்கு விண்மீன் பொருந்த அடுக்குகின்றோம்.

சென்ற மாசியில் ஓரியன் முகிலை அவ்வாறு அடுக்கியபோது, அதன் அருகே மெல்லிய செங்கோடொன்று தோன்றிற்று. விண்கல் என்று மாணவனொருவன் துள்ளினான். 2019இல் "கீறிய படமா?" என்று கேட்ட அந்தப் பெண் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கின்றாள். அவள் ஒன்றும் பேசாமல் அறுபது படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். படத்துக்குப் படம் விண்மீன்கள் நகர்ந்திருந்தன. அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் சட்டத்தின் அதே மூலையில், அசையாமல் நின்றது. விண்மீன்களைப் பொருத்தி அடுக்கியபோது அப்புள்ளியே கோடாய் நீண்டிருந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பர் ஒருவர் அதே வாரம் எடுத்தனுப்பிய படத்திலும் அக்கோடு இல்லை. குறிப்பேட்டில் "விண்கல்" என்று எழுதியிருந்ததை அவள் சிவப்புப் பென்சிலால் வெட்டி, "கமராவின் பழுது, இடது மூலை" என்று எழுதித் திகதியிட்டாள்.